அம்மன் உப்பு கேட்கவில்லை

கரண்டி என் கையில்தான் இருந்தது. அதை மட்டும் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. உச்சி வெயில். ஆவடியில் எங்கள் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் மைதானத்து மூலையில், அம்மன் கோயில் வாசலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தோம். முதல் அண்டா தீர்ந்து இரண்டாவது அண்டா வந்து இறங்கியிருந்தது. தூக்கு, சொம்பு, பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டில் என்று கையில் கிடைத்ததோடு வரிசை நின்றது. புளித்த கேழ்வரகு வாசனை. பக்கத்துக் கூடையில் உரித்த சின்ன வெங்காயம். பம்பைக்காரர் சாப்பிட்டுவிட்டு வந்து புதுத் தெம்போடு அடித்துக்கொண்டிருந்தார். நான் கரண்டியை அண்டாவுக்குள் விட்டு நிமிர்ந்தேன்.

அப்போது அது நடந்தது.

என்ன நடந்தது என்று எழுதி எழுதி மூன்று தாளைக் கிழித்தாயிற்று. பெரிய வெளிச்சம் என்று எழுதினால் பொய். வெயில் அப்படியேதான் இருந்தது. எனக்கு எதிரே ஒரு தூக்கு நீட்டப்பட்டிருந்தது. அதைப் பிடித்த விரல், விரலில் கறுத்த மோதிரம், மோதிர இடுக்கில் காய்ந்த மஞ்சள். இவை எதுவும் வெயிலிடமிருந்து வெளிச்சம் வாங்கவில்லை. தாமாகவே இருந்தன. பம்பைச் சத்தம் நின்றதா என்று கேட்டால் தெரியாது. கேட்பதற்கு ஆள் இல்லை. பூபாலன், வயது ஐம்பத்திரண்டு, தரப் பரிசோதனைப் பிரிவு, சர்க்கரை உண்டு, தொப்பை உண்டு. அந்த ஆளைக் காணோம்.

அவ்வளவுதான். யாரும் வரவில்லை. சூலம் இல்லை, சிங்கம் இல்லை, சிவப்புப் புடவை இல்லை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை இல்லை.

கூழ் வழிந்து கால் கட்டைவிரலில் விழுந்தபோது நான் திரும்பி வந்தேன். வந்ததும் செய்த முதல் காரியம், அலறியது.

வீரம் விளைந்த தொட்டி

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு என் வீரத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி: பல்லி கத்தினால் ஈசிஜி எடுத்துக்கொள்ளும் வர்க்கம் நான்.

"போச்சு! போச்சு!" என்று ஓடி, பாத்திரம் கழுவும் சிமெண்டுத் தொட்டிக்குள் உட்கார்ந்துவிட்டேன். இடுப்பு வரை தண்ணீர். பக்கவாதம்தான் என்று முடிவே செய்துவிட்டேன். அதைக் கண்டுபிடிக்க வழி சொல்லி முந்தின வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் வந்திருந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கு. நாக்கை நீட்டு. பல் தெரியச் சிரி. எது கோணுகிறது என்று பார்.

நான் வரிசை தவறாமல் செய்தேன். கைகளைத் தூக்கினேன். நாக்கை எவ்வளவு நீளம் உண்டோ அவ்வளவு நீட்டினேன். பற்கள் அனைத்தும் தெரியச் சிரித்தேன். கோணுகிறதா என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமே என்று கண்ணையும் உருட்டி எல்லோரையும் பார்த்தேன்.

ஆடி மாதம். அம்மன் கோயில் வாசல். தண்ணீர் சொட்டச் சொட்ட ஒருவன் கையைத் தூக்கி, நாக்கை நீட்டி, கண்ணை உருட்டுகிறான். நூறு பேர் வேறு என்ன நினைப்பார்கள்? குலவை கிளம்பியது. பம்பை வேகம் பிடித்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு, உள்ளங்கையில் எரியும் கற்பூரத்தோடு, விழாக் குழுத் தலைவர் ராஜமாணிக்கம் வந்தார். திருநெல்வேலிக்காரர், ஓய்வு பெற்ற போர்மேன். முந்தின நாள்தான், வாழைமரம் கட்ட நேரத்துக்கு வரவில்லை என்று என்னைச் "சோம்பேறிப் பய" என்று திட்டியிருந்தார்.

இப்போது கை கூப்பினார். "தாயே! யாரு வந்திருக்கிய?"

எங்கள் பக்கத்தில் அருள் வந்தவரிடம் கேட்க ஒரு முறை இருக்கிறது. யார் வந்திருப்பது? என்ன வேண்டும்? என்ன குறை வைத்தோம்? இந்த மூன்றுக்கும் பதில் வாங்காமல் விடமாட்டார்கள். சாமியே ஆனாலும் விவரம் சொல்லாமல் எழுந்து போக முடியாது.

"யாரும் வரலீங்கய்யா, எனக்கு ஹார்ட்டு..."

"சோதிக்காதிய தாயே. என்ன கொற வச்சோம்? வாயத் தொறந்து சொல்லணும்!"

வாயைத் திறந்தேன். அதுதான் நான் செய்த தப்பு. பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும். எனக்கு ஜோக் வரும்.

"கூழ்ல உப்பு இல்லடா!" என்றேன்.

யாரோ ஓடிப் போய் இரண்டாவது அண்டாவிலிருந்து ஒரு வாய் குடித்தார். "ஐயோ ஆமா! துளி உப்பு இல்ல!" என்று அங்கிருந்தே கத்தினார். அதற்கு மேல் மைதானம் என் கையில் இல்லை. பெண்கள் என் ஈரக் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அதிலே என் மனைவி கௌரியும் ஒருத்தி. வாழ்நாளில் முதல் முறை, அதுவே கடைசி முறை.

உண்மையை உங்களிடம் இப்போதே சொல்லிவிடுகிறேன். அண்டாக்களுக்கு உப்புப் போடுகிற வேலை என்னுடையது. இரண்டாவது அண்டாவுக்கான பாக்கெட் என் ஸ்கூட்டர் சீட்டுக்குக் கீழே பத்திரமாக இருந்தது. மறந்துபோன குற்றம் மனசின் எந்த மூலையிலோ உறுத்தியிருக்கிறது, ஜோக்காக வெளியே வந்துவிட்டது.

அதை அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கிற மனிதன் இரண்டு அவமானங்களில் சின்னதாகத் தெரிவதைப் பிடித்துக்கொள்வான்.

எல்லோருக்கும் தெரிந்துவிட்டது

என்னைக் கொதிக்க வைத்தது உப்பு அல்ல. அரை மணி நேரத்தில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டதே, அது.

நாக்கை நீட்டியதால் காளி என்றது ஒரு கட்சி. கூழைப் பற்றிப் பேசியதால் மாரி என்றது இன்னொன்று. மாங்காட்டுக்கு நேர்ந்துகொண்டு போகாமல் விட்டிருப்பேன், அங்கிருந்து ஆள் வந்திருக்கிறது என்றாள் கௌரி. விழாக் குழு கூடி, காளியும் மாரியும் சேர்ந்தே வந்தார்கள் என்று தீர்மானித்தது. மாடி வீட்டு ஸ்டெல்லா டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வெளிய சொல்லாதீங்க பூபாலன், வந்தது மாதா" என்றார்.

மறுநாள் தொழிற்சாலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் நான் பேசி முடிப்பதற்குள், "வெயில். சர்க்கரை இறங்கியிருக்கும்" என்றார். நேற்றே பார்த்தோம், ஏறியிருந்தது என்றேன். "அப்போ ஏறினதாலதான்" என்றார். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் மைத்துனன் போனில், மூளையில் எந்தப் பக்கத்தில் கோளாறு என்று இடம் சொன்னான். அவன் படித்தது கணக்கு.

கும்பிட்டவர்களுக்கும் சந்தேகம் இல்லை, சிரித்தவர்களுக்கும் சந்தேகம் இல்லை. பார்த்தவன் நான் ஒருத்தன்தான் தெரியாது தெரியாது என்று அலைந்துகொண்டிருந்தேன். அவனை மட்டும் யாரும் நம்பத் தயாராக இல்லை.

வேலையிடத்தில் என் கையில் துளை அளவு பார்க்கும் ஒரு கேஜ் எப்போதும் இருக்கும். இரண்டு முனை. ஒன்று துளைக்குள் போக வேண்டும், மற்றது போகக் கூடாது. அப்படி இருந்தால் துளை சரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்தப் பட்டறையிலும் இதைப் பார்க்கலாம். அருமையான கருவி, குறை சொல்லமாட்டேன். ஆனால் துளை சரியா என்று சொல்கிற கேஜுக்கு, அந்தத் துளை எதற்கு என்று தெரியாது. நம் மண்டையும் அந்த மாதிரிக் கருவிதான் என்று எனக்குப் படுகிறது. அதைக் கொண்டுபோய் வானத்துக்குள் விட்டுப் பார்த்து, "சரியா இருக்கு, மாரியம்மன்தான்" என்று கையெழுத்துப் போடுகிறோம். என்ன தைரியம்!

கையெழுத்து என்றதும் ஒரு பழைய கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மதியத் தூக்கக் கலக்கத்தில், ஒரு தட்டு நிறையப் பாகங்களை அளக்காமலே அளந்ததாக எழுதிவிட்டேன். அதில் ஒன்று பொருந்தவில்லை. அதைப் பொருத்த வேண்டிய பிட்டர் நேரே என் மேசைக்கு வந்து பாகத்தை வைத்தார். "அளக்காமயே எழுதினியா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் மேலதிகாரி யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் வரை என்னோடு உட்கார்ந்து தட்டு முழுவதையும் மறுபடி அளந்தார். அவர் பெயர் தயாளன். அன்றிலிருந்து அவர் எனக்கு அவன்.

வசந்தா வந்தாள்

கூழ் ஊற்றி இரண்டு வாரம் இருக்கும். காலையில் தயாளன் மனைவி வசந்தா வந்தாள். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

தயாளனுக்கு இருதயத்தில் மூன்று குழாய்கள் அடைத்திருந்தன. பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பைபாஸ் செய்ய நாள் குறித்திருந்தார்கள். தள்ளிப்போடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். இவன் இரண்டு முறை தள்ளிப்போட்டாயிற்று.

"அண்ணே, இப்ப புதுசா ஒண்ணு சொல்றாருண்ணே. 'உப்பு இல்லன்னு கரெக்டா சொன்ன அம்மா, என் உசுரப் பத்திச் சொல்லாதா? பூபாலு கேட்டுச் சொல்லட்டும், அப்புறம் படுக்கறேன்'ன்னு உக்காந்துட்டாரு."

"படியேறினா நெஞ்சப் புடிச்சிக்கினு நிக்கறாருண்ணே. நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அம்மா பண்ணிக்கச் சொல்லிச்சுன்னு. நீங்க சொன்னா கேப்பாரு."

"வசந்தா, அம்மா எங்கிட்ட எதுவுமே..."

"அது எனக்குத் தெரியும்ணே." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்கள எனக்கு இருவத்தஞ்சு வருஷமாத் தெரியாதா? பொய்யாவே இருக்கட்டும். அவரு இருந்தாப் போதும்."

ஸ்கூட்டர் சீட்டுக்குக் கீழே உப்புப் பாக்கெட்டை ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்த கௌரி, அவள் போன பிறகு சொன்னாள்: "ஊரையே ஏமாத்த வாய் வந்துச்சில்ல? நல்லதுக்கு ஒரு தடவ தொறங்க."

நியாயமான பேச்சு. இரண்டு நாள் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தேன். கம்பீரமாக: "மகனே, அஞ்சாதே." என் குரலுக்கு அது பால்காரரை விரட்டுவதுபோல் இருந்தது. கனிவாக: "போயிட்டு வாப்பா." அது பஸ் ஏற்றி விடுவதுபோல் இருந்தது. நடுவில் என் வயிறு தன் பங்குக்கு ஒரு கேள்வி கேட்டது. நான் அம்மன் பெயரில் போகச் சொல்லி, அவன் மேசை மேலேயே போய்விட்டால்? அப்போது வசந்தாவின் முகத்தை எந்தத் தொட்டிக்குள் உட்கார்ந்து பார்ப்பேன்?

சாமி மேலேயும் எனக்குக் கோபம் பொங்கியது. இத்தனை பக்தர்கள் வரிசையில் நிற்க, கரண்டி பிடித்த கோமாளியிடம் வருவானேன்? வந்ததுதான் வந்தீர்கள், ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் குறைந்தா போய்விடுவீர்கள்?

மிக்ஸியும் உப்பும்

மூன்றாம் நாள் காலை போனேன். தயாளன் கூடத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு மிக்ஸியைப் பிரித்துப் போட்டிருந்தான். வசந்தா சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

"வா மாமே. அம்மா இன்னா சொல்லிச்சு?"

வாயைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன்.

"இன்னாடா, வலையில மாட்டுன கெண்ட மாதிரி வாயத் தொறந்து தொறந்து மூடிகினு கீற?"

பையில் கைவிட்டு அந்த உப்புப் பாக்கெட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். எடுத்துக்கொண்டு போகலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து தவித்து, கடைசியில் எடுத்துப் போயிருந்தேன்.

"இன்னாது?"

"ரெண்டாவது அண்டாவோட உப்பு. நான்தான் போடணும். மறந்துட்டேன். வண்டிக்குள்ளயே கெடந்துச்சு."

அவன் பாக்கெட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அப்ப நாக்கு நீட்டினது?"

"பக்கவாதமான்னு பாத்தேன். அந்த மெசேஜ அனுப்பினதே நீதானடா."

"அப்ப மொத்தமும் டுபாக்கூரா?"

"இல்ல. அதுக்கு முன்னாடி ஒண்ணு நடந்துச்சு. அது நெஜம்."

"யாரு வந்தா?"

"தெரியாது."

"இன்னா சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல."

"சாமிதானா அது?"

"அதுவும் தெரியாதுடா."

ஸ்குரூடிரைவர் சுவரில் போய் விழுந்தது. "அப்ப இன்னா எழவுக்குடா நீ போய்ப் பாத்த? நான் பாத்திருந்தா நாலு கேள்வியாவது கேட்டுகினு வந்திருப்பேன்!"

"கேக்கறதுக்கு நான் அங்க இருக்கணுமேடா! நானே இல்ல அங்க!" நானும் கத்தினேன். "எனக்கு மட்டும் ஆத்திரம் இல்லியா? சொன்னா ஒருத்தன் கும்புடறான், ஒருத்தன் சர்க்கரைங்கறான். இருந்ததச் சொல்ல எனக்கு வாய் இல்ல. இல்லாததச் சொன்னா ஊரே கை தட்டுது!"

தயாளன் நெஞ்சைத் தடவிக்கொண்டான். மூச்சு வாங்கியது. கொன்றே விட்டேனோ?

"உக்காரு. சாவல." குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "வசந்தா உன்னாண்ட வந்துச்சா?"

"வந்துச்சு."

"பண்ணிக்கச் சொல்லி அம்மா சொல்லிச்சுன்னு சொல்லச் சொல்லிச்சா?"

"ஆமா."

"ஏன் சொல்லல? நான் நம்பியிருப்பனே."

"அளக்காம எழுதக் கூடாதுல்ல?" என்றேன்.

அவன் மிக்ஸியின் மூடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு என்னிடம் இல்லாமல் அதனிடம் பேசுவதுபோல் சொன்னான்: "ஜோசியக்காரன் எம்பது வயசு கேரண்டின்னான். லேகியக்காரன் ஒரு மண்டலத்துல அடப்பு கரைஞ்சிடும், கேரண்டின்னான். அந்த ஆபரேஷன் டாக்டரு ஒருத்தருதான், 'நல்லா வரும்னு நெனைக்கிறேன், சத்தியம் பண்ண முடியாது'ன்னாரு. அந்தாளு மேல செம காண்டா கீது எனக்கு. இப்ப நீயும் அதே மாதிரி தெரியாதுங்கற." சமையலறைப் பக்கம் திரும்பினான். "வசந்தா, ஆஸ்பத்திரிக்குப் போனப் போடு. நாளு கேளு."

உள்ளே ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது.

"நீயும் வரணும் மச்சான்," என்றான். "வந்து ஜோக்கு கீக்கு அடிச்சன்னா பாரு."

அன்று சாயங்காலமே ராஜமாணிக்கத்தைப் பார்த்து உப்பு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். உதைப்பார் என்று இரண்டடி தள்ளியே நின்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. "ஏலே கூறுகெட்டவனே, உன்ன உப்ப மறக்க வச்சதே அவதாம்ல!" என்றார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, சொல்லுங்கள்.

ஐந்து நிமிடம்

ஆபரேஷன் முடிந்த மறுநாள், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் ஒருவர் மட்டும் ஐந்து நிமிடம் போகலாம் என்றார்கள். முகம் பார்க்கத் தைரியம் இல்லை என்று வசந்தா என்னைத் தள்ளிவிட்டாள். தைரியத்துக்கு ஆள் பிடித்தாள் பாருங்கள்! பச்சை அங்கியை முன்பக்கம் பின்பக்கமாக மாட்டிக்கொண்டு போனேன். நர்ஸ் கழற்றி மாட்டிவிட்டார்.

தயாளன் சின்னதாகிக் கிடந்தான். உடம்பெல்லாம் குழாய். வாயிலிருந்த குழாயை அப்போதுதான் எடுத்திருந்தார்கள். கண் திறந்து என்னைப் பார்த்தான்.

என்னிடம் யார் வந்தா, என்ன சொன்னா என்று துளைத்தெடுத்தவர்களை இத்தனை பக்கம் திட்டியிருக்கிறேன் அல்லவா? குனிந்து அவன் காதில் நான் கேட்ட முதல் கேள்வி: "டேய், உள்ள ஏதாவது பாத்தியா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது.

அவன் உதடு வெடித்திருந்தது. இரண்டு முறை அசைந்தது. மூன்றாவது முறை சத்தம் வந்தது. "தண்ணி."

நர்ஸ் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் வைத்தார். அவன் கண்ணை மூடிக்கொண்டு அதை உறிஞ்சினான். "இன்னும்" என்றான். இன்னொரு முறை வைத்தார். நேரம் முடிந்துவிட்டது என்று என்னை வெளியே அனுப்பினார்.

வெளியே வசந்தா, அவள் தம்பி, திருநீற்றுப் பொட்டலத்தோடு ராஜமாணிக்கம், எல்லோரும் எழுந்து நின்றார்கள். "என்ன சொன்னான்? அம்மா பேரச் சொன்னானா?" என்றார் ராஜமாணிக்கம். பதற்றத்தில் என் வாயில் நான்கு நல்ல ஜோக்குகள் தயாராக இருந்தன. வசந்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி கேட்டாம்மா," என்றேன்.

"வேற?"

"'இன்னும்'னு கேட்டான். வேற ஒண்ணும் சொல்லல."

வசந்தா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. நிமிர்ந்து, "குடுத்தாங்களாண்ணே?" என்றாள்.

"குடுத்தாங்கம்மா. பஞ்சுல நனைச்சு. ரெண்டு தரம்."